டீ ஊற்றுகிற அங்கிள்

வேதா,

நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. ரசம் வைத்திருக்கிறேன். ஒரு வாய் குடித்தால் சிக்கந்தராபாத் முழுக்க இருமும், மோர் சேர்த்துக்கொள்.

காலையில் கேட்டாயே, "நம்ம சரத் போய் நாலு மாசம்கூட ஆகல, உங்களால எப்படிங்க சிரிக்க முடியுது?" என்று. அதற்கும் சிரித்து வைத்தேன்.

மூன்று சனிக்கிழமையாக நான் போனது சீட்டாட இல்லை. தார்நாகாவில், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கூடிப் பேசும் இடத்துக்கு. முதல் நாள் வாசலிலேயே ஒரு ஜோக் அடித்தேன். எல்லோரும் சிரித்த சிரிப்பில் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று! நடத்துகிற பெண் சாஹித்யா, "மீரு வாலண்டீரா, அங்கிள்?" என்று கேட்டு, உதவிக்கு வந்தவன் என்று நினைத்து டீ கெட்டிலைக் கையில் கொடுத்துவிட்டாள். நக்கோ, வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்றிலிருந்து நான் ஊற்றிய டீயில் ஹுசேன் சாகர் ஏரியையே நிரப்பலாம். அவரவர் பிள்ளையைப் பற்றிச் சொல்லி அழுகிறார்கள். நான் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு, தம்ளர் கழுவப் போய்விடுகிறேன். நானும் அதற்குத்தான் வந்தேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. சொல்லத்தான் பார்க்கிறேன், வாயைத் திறந்தால் ஜோக்தான் வருகிறது.

இன்றும் போகிறேன். நாலு மணிக்கு.

பாலு

பி.கு: வீட்டைப் பூட்டிக்கொண்டு வா. என்னிடம் ஒரு சாவி இருக்கிறது. ஆட்டோவில் ஏறியதும் போன் செய், இடம் சொல்கிறேன்.

இன்னொன்று: நீ அங்கே எதுவும் பேச வேண்டாம். அந்தப் பெண்ணிடம், "இவர் சரத்தோட அப்பா" என்று மட்டும் சொல்லிவிடு.