யாரும் ஞாபகப்படுத்தாத நோன்பு

கடல் கடந்து போன என் அருமை மகளுக்கு, உன் மீது அல்லாஹ்வின் சாந்தியும் அருளும் நிறையட்டும். நாங்கள் இங்கே நலம், நலம் என்றால் பசியோடு கூடிய நலம், மாலைவரை தாகமும் மாலைக்குப் பிறகு ஏப்பமுமாக ஓடுகிற நலம். அங்கே உன் சூரியனுக்கு மறையவே மனசு வராதாமே, அந்த நீளமான பகலையும் தனியாக நோன்பு பிடித்துத் தள்ளுகிறாய் என்று கேட்டதும் என் நெஞ்சு பெருமையில் விம்மிச் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து எதிர்வீட்டு ஜன்னலில் பட்டது. பெற்ற வாப்பாவின் கை எழுத்துகளைத் தேடித் தேடி நின்றுவிடுவதால், பெறாத வாப்பாவாகிய உன் சாச்சா, ரொட்டிகளின் பேரரசன், இந்தத் தெருவின் முடிசூடாத மன்னன், என் அண்ணன் சார்பில் எழுதுவது என்னவென்றால், போன வாரம் ஃபோனில் நீ போட்ட கட்டளை கிடைத்தது. வாப்பாவுக்கு ஞாபகம் தவறுகிறது, உடம்பும் தாங்காது, இன்றோடு அவர் நோன்பை நிறுத்துங்கள் சாச்சா என்று சொன்னாய். மருத்துவமனையில் வேலை பார்ப்பவள் சொன்னால் அதில் விஷயம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பதில் சொல்லாமல் ஃபோனை உன் சாச்சியின் கையில் திணித்துவிட்டு ஓடினேன். ஃபோனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் முடியாது, ஆகவே பொறுமையாகக் கடைசிவரை படி.

முதலில் என் நோன்பின் வீரவரலாற்றைக் கொஞ்சம் கேள். காலையில் நான் சிங்கம். மதியம் தாண்டினால் நம் பேக்கரியின் பெயர்ப்பலகையில் இருக்கும் எழுத்துகளெல்லாம் முறுக்கிச் சுட்ட ரொட்டிகளாகத் தெரிய ஆரம்பிக்கும். நோன்பில்லாத ஜனங்கள் வந்து பன் கேட்கும்போது பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுப்பதுபோலப் பிரிய மனமில்லாமல் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறேன். பசியில் நாக்கும் நீண்டுவிடுகிறது, வந்தவன் போனவன் கதையெல்லாம் பேசுகிறேன். உன் சாச்சி நேற்று எல்லார் முன்னாலும், "உங்க வயிறு மட்டும்தாங்க நோன்பு வச்சிருக்கு, நோன்பு வைக்கிறேன்னு வாய் இன்னும் நிய்யத்தே வைக்கல" என்று போட்டு உடைத்துவிட்டாள். இப்படிப்பட்ட நான் ஒரு பக்கம். அதே கடையின் உள்ளே, மழைக்காலத்திலும் வேர்த்துக் கொட்டுகிற அந்த அடுப்பின் வாயில், இத்தனை வருஷமாக ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல் நின்ற உன் வாப்பா இன்னொரு பக்கம். வெந்த ரொட்டியைக் கவிழ்த்து அடியில் ரெண்டு தட்டு தட்டி, சத்தத்தைக் கேட்டே பதம் சொல்லிவிடுவார், ரமலானில் பிட்டு வாயில் போட்டுப் பார்க்க அவருக்கு அவசியமே வந்ததில்லை. அவரைப் பார்த்துத்தான் எனக்கு நோன்பின் மேல் ஒரு பிரமிப்பே வந்தது மகளே. மற்ற வணக்கங்களில் கொஞ்சமாவது வெளியே தெரிகிற பங்கு உண்டு, தொழுதால் நாலு பேர் பார்ப்பார்கள், தர்மம் கொடுத்தால் வாங்கினவனுக்காவது தெரியும். நோன்பு அப்படி இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் எந்தப் பயலுக்கும் தெரியப் போவதில்லை, ஆனாலும் குடிப்பதில்லை. பெரிய பெரிய ஆட்களெல்லாம் மாலையில் ஒரு பேரீச்சம்பழத்துக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்களே, அதைவிடப் பெரிய ராஜசபை உலகத்தில் உண்டா?

இப்போது அவருக்கு என்னவெல்லாம் மறந்துவிட்டது என்பது உனக்குத் தெரியும். என்னைச் சில நாள் தம்பி என்கிறார், சில நாள் ரொட்டி வாங்க வந்தவன் என்று நினைத்து என்ன வேண்டும் என்று மரியாதையாகக் கேட்கிறார். உன் பெயர் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போய்விடுகிறது, ஆனால் ஆள் மறக்கவில்லை, நோன்பு திறக்கிற நேரத்தில் பழத்தைக் கையில் எடுத்ததும், "தூரத்துல இருக்கே அந்தப் புள்ள, அது தொறந்துடுச்சா?" என்று தவறாமல் கேட்கிறார். அங்கே உனக்கு வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், நான் திறந்துவிட்டாள் என்று தலையாட்டினால்தான் பழம் அவர் வாய்க்குப் போகும். இந்த மறதிக்கு நடுவில் ரமலான் பிறந்தது மட்டும் அவருக்கு யாரும் சொல்லாமல் தெரிந்துவிட்டது. விடியுமுன் சாப்பிடுகிற ஸஹருக்கு எங்களுக்கு முன்னால் எழுந்து சமையலறையில் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆரம்பத்தில் ஒரு நாள் மைதா மூட்டைமேல் தலைசுற்றிச் சாய்ந்ததைத்தான் சாச்சி உன்னிடம் சொல்லியிருக்கிறாள். உன் கட்டளைக்கு முன்பே நானும் அவரை நிறுத்தப் பார்த்தேன். அவரை வழக்கமாகப் பார்க்கிற டாக்டரம்மா சொன்னதையும், முடியாதவருக்கு மார்க்கத்திலேயே சலுகை இருப்பதையும், நோன்புக்குப் பதிலாக ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்பதையும் மேடைப் பேச்சாளர்போல எடுத்துரைத்து, "அண்ணே, இனிமே உங்களுக்கு நோன்பு இல்லைண்ணே" என்று முடித்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏன் தம்பி, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டார். சலுகையைக் கொடுக்கப் போனவன் தண்டனை கொடுத்துவிட்டு வந்ததுபோல அடுப்படியில் போய் நின்றேன்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. ஒரு நாள் காலை, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தட்டிலிருந்து உன் வாப்பா ஒரு பன்னை எடுத்து, ஊதி ஊதி, ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நோன்பு என்பது சுத்தமாக மறந்துபோயிற்று. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, பன் கண்டுபிடித்தவனே அவர்தான் என்பதுபோல. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கடைத் தையல்காரர் உள்ளே வந்தார். நல்ல மனுஷன், நம் நோன்பை மதித்து நம் எதிரில் தேநீர்கூடக் குடிக்க மாட்டார். அந்த மரியாதையே வினையாகிவிட்டது. "ஐயையோ பெரிய பாய், நோன்பு! நோன்பு!" என்று அவர் போட்ட கூச்சலில் தெருக்கோடியில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து வேறு ஊருக்கு இடம்பெயர்ந்துவிட்டது. உன் வாப்பா வாயில் இருந்ததைக் கையில் துப்பினார். வாயைக் கொப்பளித்தார், மறுபடி கொப்பளித்தார், "போச்சே, போச்சே" என்கிறார். நோன்பைப் பறிகொடுத்த துக்கம் ஒன்று, இத்தனை பேர் பார்க்கத் தின்றுவிட்டோமே என்ற வெட்கம் இன்னொன்று. தையல்காரர் தன் கத்திரிக்கோலால் தன் நாக்கையே வெட்டிக்கொள்ளலாமா என்பதுபோல நிற்கிறார். அன்று பகல் முழுக்க அண்ணன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நான் நேரே பள்ளிவாசலுக்கு ஓடி ஹஜ்ரத்தைப் பிடித்தேன். அவர் சிரித்துவிட்டு, "மறந்து சாப்பிட்டா நோன்பு முறியாதுன்னு உங்களுக்கே தெரியும்ல, அல்லாஹ் அவருக்கு ஊட்டி விட்டிருக்கான், மிச்சப் பொழுதை அப்படியே முழுசாக்கச் சொல்லுங்க" என்றார். தெரியும்தான், ஆனால் சின்ன வயசில் நானும் என் கூட்டாளிகளும் எவ்வளவு முயன்றும் மறக்க முடியாமல் தோற்ற சட்டம் அது, தட்டைப் பார்த்தால் எங்களுக்கு முப்பாட்டன் பெயர்வரை ஞாபகம் வந்துவிடும். ஹஜ்ரத் அதோடு விடாமல், வாட்டசாட்டமான வாலிபன் மறந்து சாப்பிட்டால் ஞாபகப்படுத்த வேண்டும், தளர்ந்துபோன முதியவர் என்றால் பேசாமல் விட்டுவிடலாம் என்று நம் முன்னோர்களான அறிஞர்கள் எழுதிவைத்திருப்பதைச் சொன்னார். "உங்க அண்ணனுக்கு இருக்கிற நிலையில நோன்பு கடமையே இல்லை. எதுக்கும் தினம் ஒரு ஏழைக்குச் சாப்பாடு குடுத்துடுங்க. அவரா ஆசையா வைக்கிறதை நீங்க ஏன் பிடுங்குறீங்க? அவர் சாப்பிட்டா பார்க்காதீங்க, அவ்வளவுதான்" என்றார். மறந்தவனுக்குப் பந்தி போட்டுவிட்டு, ஞாபகப்படுத்தாதே என்று பார்த்தவன் வாயையும் கட்டிப்போடுகிற இந்த மார்க்கத்தின் தயவை நினைத்துக்கொண்டே நான் திரும்பி வந்த நடை இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள் நான் ஏதோ நாட்டைப் பிடித்துவிட்டு வருவதாக நினைத்திருப்பார்கள்.

அன்று முதல் தெருவே சதிக்கு உடந்தை. கடையின் உட்கட்டில் மாவு மூட்டைகளுக்குப் பக்கத்துத் தாழ்ந்த பலகையில், அவர் போகிற வருகிற வழியில், ஒரு தம்ளர் தண்ணீரும் ஒரு பன்னும் எப்போதும் இருக்கும். அதை வைப்பது என் வேலை. அவர் கண்ணில் படும், குடிப்பார், தின்பார், வாயைத் துடைத்துக்கொள்வார், அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து, "நோன்புல இன்னைக்கு அசதியே தெரியல தம்பி" என்பார். கடைக்கு வந்தவர்கள் யாராவது அவர் மெல்லுவதைப் பார்த்துவிட்டால் உடனே தலையை நிமிர்த்தி மோட்டுவளையை ஆராய்ச்சி செய்வார்கள். தையல்காரர் தான் செய்த தப்புக்குப் பரிகாரமாகக் கடை வாசலில் காவல்காரன்போல நின்று, புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் ஓரம்கட்டி, "பெரிய பாய் எது சாப்பிட்டாலும் நீங்க பாக்கல, சரியா?" என்று மிரட்டி அனுப்புகிறார். அவர் மிரட்டுகிற தோரணையில் பாதிப் பேர் இங்கே ஏதோ கடத்தல் நடக்கிறது என்று நம்புகிறார்கள். சில நாள் தண்ணீரைத் தொட மாட்டார், ஞாபகம் தெளிவாக இருக்கும், அந்த நாட்களில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்திருப்பேன். தலை லேசாகச் சுற்றினாலும் அங்கேயே நோன்பை முறித்துவிடுவது என்று ஹஜ்ரத்திடமும் டாக்டரம்மாவிடமும் பேசி வைத்திருக்கிறேன். டாக்டரம்மா முந்தாநாள் அவரைச் சோதித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, எடைகூடக் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார். நோன்பில் எடை ஏறிய ஒரே நோன்பாளி உன் வாப்பாதான் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறேன். அவரைப் பார்த்து எனக்கும் ஏறியிருக்கிறது, அதற்குக் காரணம் மாலை நேரம், அது வேறு கதை.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். வெயில் சாய்கிற நேரம், உட்கட்டில் வழக்கம்போலத் தம்ளரை எடுத்துக்கொண்டு போய்ப் பலகைக்குக் குனிகிறேன், வாசலில் உன் வாப்பா. கண் தெளிவாக இருந்தது, நல்ல ஞாபகத்தில் இருக்கிறார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. என் கையில் தண்ணீர் தளும்புகிறது. செத்தேன், சதி வெளிப்பட்டது, அண்ணனை ஏமாற்றினவன் என்று அகப்பட்டுக்கொண்டேன் என்று உறைந்துபோய் நின்றேன். அவர் தம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எதையுமே பார்க்காதவர்போல மெதுவாகத் திரும்பிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். வெளியே அவர் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. சாச்சியும் தையல்காரரும் அங்கே நின்றிருந்தார்கள் போல. "உள்ள போகாதீங்க, தம்பி தண்ணி குடிக்கிறான். நோன்பு மறந்துடுச்சு போல. யாரும் ஞாபகப்படுத்தாதீங்க, பாவம், சின்னப் பய, களைச்சுப் போயிருப்பான்" என்கிறார். அதோடு நிற்காமல் முக்காலியை இழுத்துப்போட்டுக் கதவுக்கு முன்னால் காவல் உட்கார்ந்துவிட்டார். நரைத்த தாடியோடு அந்தச் சின்னப் பயல் உள்ளே, கையில் தம்ளரோடு, குடிக்கவும் முடியாமல் வெளியே வரவும் முடியாமல் மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு யாரும் அந்தச் சட்டத்தைச் சொல்லவில்லை மகளே, ஹஜ்ரத் என்னிடம் சொன்னதை நான் அவர் காதில் போடவே இல்லை. தன் பெண்ணின் பெயர் தங்காத தலையில், இன்னொருத்தன் தவறியதைக் கண்டால் திரும்பிக்கொள்ள வேண்டும், அவன் வெட்கப்பட்டுவிடாதபடி கதவைச் சாத்த வேண்டும் என்பது மட்டும் அழியாமல் இருக்கிறது. அத்தனை ரமலானும் அந்த அடுப்புச் சூட்டில் நின்று அவர் சேர்த்துவைத்தது இதுதான் போலிருக்கிறது. நோன்போடு அழுதால் நோன்பு முறியுமா என்று ஹஜ்ரத்திடம் கேட்டேன், முறியாதாம். வெங்காயம் உரித்ததாகச் சாச்சியிடம் சொல்லிவிட்டேன், பேக்கரியில் வெங்காயம் ஏது என்று அவளும் கேட்கவில்லை.

ஆகவே, என் கண்ணான மகாராணி, உன் கட்டளையை இந்தப் பேரரசன் முதன்முறையாக மீறுகிறான். நிறுத்த மாட்டேன். தண்ணீரும் பன்னும் பலகையில் இருக்கும், டாக்டரம்மா வாரம் தவறாமல் பார்ப்பார், ஏழைக்குப் போகிற சாப்பாடு போய்க்கொண்டே இருக்கும், நோன்பு அவருடையதாகவே இருக்கும். கோபம் வந்தால் என்மேல் காட்டிக்கொள், அவரிடம் ஃபோனில் பேசும்போது மட்டும் இன்றைக்கு நோன்பா வாப்பா என்று கேட்டு வைக்காதே, உன் பாசத்தாலேயே காரியம் கெட்டுவிடும். நீ ஸஹரை விடாதே, ஒரு வாய் தண்ணீரோடாவது எழுந்து உட்கார், அதில் பரக்கத் இருக்கிறது, அல்லாஹ்வின் அருள் இருக்கிறது. வேலை நடுவில் மயக்கம் வந்தால் வீராப்புக் காட்டாதே, உனக்கும் சலுகை உண்டு, பிறகு ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். அல்லாஹ் உன் கையில் சுகத்தையும் உன் அறையில் வெளிச்சத்தையும் நிறைத்து, நீ தொட்டதெல்லாம் துலங்கச் செய்யட்டும். கடைசியாக ஒன்று. நோன்பு திறக்கிற நேரத்தில் கேட்கிற துஆ வீண்போகாது. வாப்பாவின் மறதி குணமாக வேண்டும் என்று நீ தினமும் கேட்பாய், எனக்குத் தெரியும். கேள், அழுது கேள், ஆனால் பெருநாள் பிறை தெரிந்த பிறகு கேள். இந்த ஒரு மாதம் அந்த மறதி நமக்குக் கொஞ்சம் தேவைப்படுகிறது.

என்றும் உன் நலம் நாடும்,
பசித்த வயிறும் அடங்காத வாயும் உடைய
உன் சாச்சா