உளுந்தி தின்ற முதல் பிடி

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் இசக்கிச்செல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நடமாட்டமாக இருக்கிறோம், அங்கே குவாஹாத்தியில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று உச்சினிமாகாளியை நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் நீ முதலில் தேடப்போவது எங்களை இல்லை, உன் நாயைத்தான் என்று எனக்குத் தெரியும். உளுந்தி உயிரோடு இருக்கிறது. இதை எழுதும்போது வாசல்படியில் தாடையை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அந்தப் புத்தி மட்டும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது, என்னமோ தின்னுட்டுது, இப்பம் சரியாயிட்டு என்று முடித்துவிட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவரை வைத்துக்கொண்டு எதை எங்கிருந்து சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. பார்சலில் எள்ளுப்பொடியும் கொஞ்சம் கருப்பட்டியும் வைக்கும்போது, இதையும் எழுதி உள்ளே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

இங்கே இன்னும் மழை இல்லை. மக்காச்சோளத்தைப் புழுதியில் விதைத்துவிட்டு எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், கரிசல் கால் வைக்கிற அகலத்துக்கு வெடித்துக் கிடக்கிறது. அப்பா மாலை போட்டிருப்பது உனக்குத் தெரியும். மாசியில் நீ அங்கே காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் தசராவுக்கு மாலை போட்டு வருகிறேன் என்று குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டார். சிவப்பு வேட்டியும் துண்டுமாக, உரமூட்டை போட்டிருந்த பின்னறையைக் கழுவிவிட்டு அங்கேதான் படுக்கை, சாப்பாடு எல்லாம். பகலில் ஒரே ஒரு வேளை பச்சரிசிச் சோறு. அதோடு விட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன், சுகர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். ஊர் தசரா செட்டில் அவரோடு சேர்ந்து மாலை போட்ட மற்றவர்கள் எல்லாரும் தங்கள் மாத்திரையைப் போடத்தான் செய்கிறார்கள், நான் விசாரித்துவிட்டேன். அதைச் சொன்னால், "அவனவன் நேர்ச்ச அவனவனுக்கு. எம் பிள்ளைக்கு நேர்ந்தத நான் அரைகொறையா முடிக்க மாட்டேன், நீ பேசாம இரு" என்று வாயை அடைத்துவிட்டார். உன் பெயரைச் சொன்ன பிறகு நான் மேலே என்ன பேசுவது. ஆனால் அவருக்குக் கால் எரிச்சல் திரும்ப வந்துவிட்டது. உட்கார்ந்தபடியே பாதத்தைச் சிமெண்டுத் தரையில் தேய்ப்பதைப் பார்த்தேன்.

அதனால் அவருக்குச் சொல்லாமல் கொடுக்கத் தொடங்கினேன். மாத்திரையை அம்மியில் நுணுக்கி, தட்டில் மேலாக இருக்கும் சோற்றில் நெய்யும் பருப்பும் விட்டு அதோடு பிசைந்து வைத்துவிடுவேன். காலையிலிருந்து வெறும் தண்ணீரில் இருக்கிற மனிதர், முதல் பிடியை ருசி பார்க்காமல் விழுங்குவார் என்பது என் கணக்கு. காக்கைக்கு வைக்கிற சோற்றைத் தனியாக நானே எடுத்துச் சுவரில் வைத்துவிடுவேன், அந்த அளவுக்குக் கவனமாகத்தான் இருந்தேன். தட்டைப் பின்னறை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும், அவர் சாப்பிடும்போது யாரும் நிற்கக் கூடாது. அவர் உள்ளே என்ன செய்கிறார் என்று நான் பார்த்ததே இல்லை. உளுந்தி அவர் மாலை போட்ட நாளிலிருந்து அந்த அறையை விட்டு அசையவில்லை. காலையில் நான் கம்பங்கஞ்சி ஊற்றினால் முகர்ந்துவிட்டுப் போய்விடும். இந்த வெயிலுக்கு அப்படித்தான் சுருண்டு கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எத்தனையோ புத்தகம் படித்தேன் என்று உன்னிடம் பெருமை பேசுகிறவள், அந்த மாத்திரை அட்டையோடு வந்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து அப்பா போட்ட சத்தத்தில் கையிலிருந்த சட்டி கீழே விழுந்துவிட்டது. போய்ப் பார்த்தால் உளுந்தி கள் குடித்த ஆள் மாதிரி நாலு காலையும் நாலு திசைக்கு வைத்து நடக்கப் பார்க்கிறது, சுவரில் இடிக்கிறது, விழுகிறது. கூப்பிட்டால் திரும்பும் முகம் எங்களைப் பார்க்கவில்லை. அப்புறம் உடம்பெல்லாம் வெட்டி இழுத்து வாயில் நுரை தள்ளிவிட்டது. அப்பாவுக்கு ஒரே நினைப்புத்தான், அடுத்த வீட்டுப் பூவனலிங்கம் விஷம் வைத்துவிட்டான். அப்பா மாலை போடுவதற்கு முன்னால் அவன் வீட்டுக் கோழி ஒன்றை உளுந்தி கவ்விக்கொண்டு வந்துவிட்டது, அன்றைக்கே அவன், இதுக்கு ஒருநாள் மருந்து வைக்கத்தான் போறேன் என்று தெருவில் நின்று சொல்லியிருந்தான். மாலை போட்டவர் கோபப்படக் கூடாது என்பதையெல்லாம் மறந்து, "ஏலே பூவனலிங்கம், வெளிய வாலே. வாயில்லாச் சீவனுக்கு வச்சிட்டியேலே" என்று அவன் வாசலில் போய் நின்றார். அவன் சாப்பிட்ட கையோடு வெளியே வந்து, "அண்ணாச்சி, மால போட்டிருக்கியேன்னு பாக்கேன். நான் வைக்கதா இருந்தா நாய்க்கு ஏன் வைக்கேன், கோழியப் பிடிக்கட்டும்னு அவுத்துவிட்ட ஆளுக்குல்லா வைப்பேன்" என்றான். தெரு கூடிவிட்டது. அப்போதுதான் அப்பா சொன்னார், "அது என் தட்டுச் சோத்தத் தவிர வேற எதையும் தொடாதுலே. தெனமும் மொதப் பிடிய அதுக்குக் குடுத்துட்டுத்தான் நான் திங்கேன். வைரவர் வாகனம்லா, நான் பட்டினி கெடந்தா அதுவும் பட்டினி கெடக்கு."

இசக்கி, அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. முந்தின நாள் மாத்திரை நுணுக்க மறந்துவிட்டேன், அதைச் சேர்த்து அன்றைக்கு இரண்டாகப் போட்டிருந்தேன். இரண்டும் அந்த முதல் பிடியில். அங்கேயே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஊரே நிற்கிறது, அவர் மாலையோடு நிற்கிறார், இவள் விரதச் சோற்றில் மருந்து கலந்தவள் என்று ஆகிவிடும் என்று நாக்கு எழவில்லை. அதற்குள் பூவனலிங்கமே தன் லோடு ஆட்டோவைப் பின்னால் எடுத்து வந்து, "சண்டைய வந்து போடுவோம், முதல்ல ஏத்துங்க" என்றான். கோவில்பட்டி போகும்வரை உளுந்தியின் தலை என் மடியில் கிடந்தது. இன்னும் இரண்டு முறை இழுத்தது. அப்பா அதன் விலாவில் கையை வைத்து, முத்தாரம்மா முத்தாரம்மா என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் சேலைத் தலைப்பால் நுரையைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

மாட்டாஸ்பத்திரியில் இருந்தது ஒரு பெண் டாக்டர், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். என்ன தின்றது என்று கேட்டதும் அப்பா, வெசம் மேடம், பக்கத்து வீட்டுல வச்சிட்டாங்க என்றார். வாசலில் நின்ற பூவனலிங்கம் தலையில் அடித்துக்கொண்டான். அந்தப் பிள்ளை கையுறையை மாட்டிக்கொண்டே, "நல்லாத் தெரியுமா? வெசம்னா ஒரு வைத்தியம், வேற ஏதாவதுன்னா வேற வைத்தியம். மாத்திக் கொடுத்தா தாங்காது. வீட்டுல எலிமருந்து, பூச்சிமருந்து, மாத்திர மருந்து எதையாவது தின்னிருக்குமா?" என்று எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தது. மேசைமேல் உளுந்தியின் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. சுகர் மாத்திரை, ரெண்டு, சோத்துல என்று சொல்லிவிட்டேன். அப்பா பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் வேறெதுவும் கேட்காமல் காதோரம் குத்திச் சொட்டு ரத்தம் எடுத்து, நமக்குப் பார்க்கிற மாதிரியே ஒரு மிஷினில் வைத்துப் பார்த்தது. சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. முன்னங்காலில் நரம்பு பிடித்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஏறிக் கொஞ்ச நேரத்தில் உளுந்தி கண்ணை உருட்டி அப்பாவைத் தேடியது. வால் நுனி மட்டும் அசைந்தது. எழுந்துவிட்டதே என்று நாங்கள் கிளம்பப் பார்த்தோம், இந்த மாத்திரை உடம்பில் ரொம்ப நேரம் நிற்கும், திரும்பவும் இறங்கும் என்று பொழுது சாயும்வரை வைத்திருந்து, விட்டுவிட்டு மூன்று முறை பார்த்துத்தான் அனுப்பினார்கள்.

நடுவில் அந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யாருடைய மாத்திரை, எப்படிச் சோற்றுக்குள் போனது என்று கேட்டது. சொன்னேன். "நான் மாட்டு டாக்டர், மனுசங்களுக்கு நான் சொல்லக்கூடாது. ஆனா ஒருவேள சாப்பாட்டுல இருக்கவருக்கு இத இப்படிக் கொடுத்தா, அவருக்கும் இதே மாதிரி இறங்கியிருக்கும்லாம்மா? அவர் டாக்டர்ட்ட கேட்டுட்டுச் செய்யுங்க" என்று மெதுவாகத்தான் சொன்னது. அன்றிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. அவர் முதல் பிடியை நாய்க்குக் கொடுக்காமல் இருந்திருந்தால் உளுந்திக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கொடுத்ததால் அவர் பிழைத்தாரோ என்னவோ. பூவனலிங்கம் ஊருக்குள், "அண்ணாச்சி விரதத்த முத்தாரம்மன் காப்பாத்திட்டா, மாத்திர ஒரு பொட்டு வாய்க்குள்ள போகலையே" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான், அதே வாயால் எங்கள் வாசலைக் கடக்கும்போது, "நாய்க்குச் சுகர் எப்படி இருக்கு, காபிக்குச் சீனி போடலாமா" என்று கேட்டும் போகிறான். அம்மன் காப்பாற்றினாள் என்றால் யாரை, யாரிடமிருந்து?

அப்பா வைவார் என்று காத்திருந்தேன், வையவில்லை. அன்று திரும்பி வரும்போது ஆட்டோவின் பின்னால் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம், ஊர் எல்லை வந்த பிறகுதான், "சொல்லியிருக்கலாம்லா" என்றார். சொன்னா வேண்டாம்பிய என்றேன். "வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம்லா" என்றார். மறுநாளிலிருந்து அவரே அடுப்படி வாசலுக்கு வந்து, பானையிலிருந்து அவரே சோற்றைப் போட்டுக்கொண்டு போகிறார். மருந்து கலக்காமல் நான் பிசைந்து வைக்கிற தட்டு அப்படியே இருக்கிறது. உன்னைப் பெறும்போது எனக்கு இப்போதைய உன் வயசுகூட இல்லை, அன்றிலிருந்து அவர் தானாகப் போட்டுச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கோபமாக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வேன், இது கோபம் மாதிரியும் தெரியவில்லை. டாக்டரம்மா சொன்னதை ஒளிக்காமல் அவரிடம் சொன்னேன், நம் டாக்டரிடம் ஒருதரம் போய்க் கேட்டுவிட்டு வருவோம், விரதத்துக்குத் தகுந்த மாதிரி மாற்றித் தருவார் என்றும் சொன்னேன். பாப்போம் என்றார். நேற்று, உரம் வாங்கப் போறேன் என்று கோவில்பட்டி பஸ்ஸில் போனார், திரும்பி வரும்போது கையில் உரம் இல்லை. கடை அடைத்திருந்ததா, வேறு எங்கேயாவது போய் வந்தாரா, நான் கேட்கவில்லை. துணி நனைக்கும் முன்னால் சட்டைப்பையைப் பார்ப்பது என் வழக்கம் இல்லையா, இன்றைக்கு, அவர் பஸ்ஸுக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையை அவரிடமே கொடுத்து, உள்ளே என்ன இருக்கு பாத்து எடுத்துக்கிடுங்க என்று சொல்லிவிட்டு இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எடுத்தாரா, எதை எடுத்தார், தெரியாது.

நீ இதையெல்லாம் படித்துவிட்டு, உன் காய்ச்சலால்தானே இவ்வளவும் என்று மருகிக்கொண்டிருக்காதே. அப்பா நேர்ந்தது அவர் பிரியம், நான் செய்தது என் பயம், இரண்டுக்கும் நீ பொறுப்பில்லை. எள்ளுப்பொடி டப்பாவை இறுக மூடி வை, ஹாஸ்டலில் தலைவலி காய்ச்சல் என்று யார் எந்த மாத்திரை கொடுத்தாலும் என்ன ஏது என்று படித்துப் பார்த்துப் போடு. நீ நோய்நொடி இல்லாமல், நினைத்த படிப்பை முடித்து, நிறைந்த மனசோடு ஊர் வந்து சேர முத்தாரம்மன் துணையிருக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இந்த வாரம் அப்பாவிடம் தனியாகப் பேசு, ஸ்பீக்கரில் போடாமல் பேசச் சொல். மாத்திரை போடுகிறாரா, டாக்டரைப் பார்த்தாரா என்று நேராகக் கேட்டுவிடு, உன்னிடம் மறைக்க மாட்டார். அவர் என்ன பதில் சொன்னாலும் அதை எனக்குச் சொல்லாதே. நான் கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே. அவராக என்னிடம் சொல்கிறவரைக்கும் நான் தெரியாமலே இருந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
கற்பகம் காசிராஜன்