மூக்குக் குத்தாத காளை

உன்னை முட்டிக் கொன்ற காளைக்கு இன்று காலை விலை பேசினார்கள். உன் புருஷன்தான் தரகரை வரச் சொல்லியிருந்தார். உன் கருமாதி முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது.

செய்தி வந்தபோது நான் கடையில் சோப்புப் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தேன். அட்டையைக் கிழித்ததும் தாழம்பூ வாசனை அடித்தது. அதற்கு அடியில் லேசாக ஒரு கொழுப்பு வாடை. இருபது வருஷமாக இந்தச் சரக்கை விற்கிறேன், நீ சொல்லும்வரை அந்த அடிவாடை என் மூக்குக்கு எட்டியதில்லை. "மேல பூவு, கீழ பொணம்" என்பாய். நீ போன பிறகும் அதை விற்கிறேன். கேட்டு வருகிறவர்கள் இருக்கும்வரை விற்பேன். உன்னிடம் ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

வீகன் என்ற சொல்லைக் கேரள எல்லையோரத்து நம் மீனாட்சிபுரத்துக்குக் கொண்டுவந்தவள் நான்தான். இரக்கத்தால் அல்ல, வியாபாரத்துக்கு. கோயம்புத்தூரில் பார்லர் நடத்தும் ஒரு அம்மாள் என் லிப்ஸ்டிக்கைத் திருப்பிப் பார்த்து, இது வீகனா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, படியிறங்கிய பிறகுதான் அர்த்தம் விசாரித்தேன். மாடு, ஆடு, தேனீ, பூச்சி, எதுவும் சேராத பொருளாம். விலை ஒன்றரை மடங்காம். அன்று சாயங்காலம் உன் தொழுவத்தில் நின்று அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். உதட்டுச் சிவப்புக்குப் பூச்சியைக் காயவைத்து நசுக்குகிறார்களாம், பளபளப்புக்கு ஆட்டு ரோமத்தின் பிசுக்காம் என்று. நீ சிரிக்கவில்லை. உனக்கு எதிரே வைக்கோல் கன்று நின்றுகொண்டிருந்தது.

கிடாரி பிறந்தால் வீட்டுக்கு, காளைக்கன்று பிறந்தால் பத்தாம் நாள் தரகருக்கு. நம் பக்கத்துப் பால்காரர் வீடுகளில் இதை யாரும் பேசுவதுகூட இல்லை. கயிற்றை அவிழ்க்கும்போது "வளர்ப்புக்குத்தானே?" என்று கேட்பது ஒரு வழக்கம். "வளர்ப்புக்குத்தானுங்க" என்று தரகர் சொல்வதும் வழக்கம். பத்து நாள் காளைக்கன்றை யார் வளர்க்க வாங்குகிறான்? கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். நீயும் கேட்டாய், அவரும் சொன்னார். மறுநாள் உன் செவலைப் பசு மடியை இறுக்கிக்கொண்டது. பால் இறங்கவில்லை. மூன்றாம் நாள் உன் புருஷன் அந்தக் கன்றின் தோலைத் தேடி வாங்கிவந்தார். உள்ளே வைக்கோல் திணித்து, கோணி ஊசியால் தைத்து, நாலு குச்சிகளைக் கால்களாக நட்டு, உப்புத்தண்ணீர் தெளித்துப் பசுவின் முன்னால் நிறுத்தினார். பசு நக்கியது. நக்க நக்கப் பால் இறங்கியது. கறந்தவள் நீ. உண்ணிக் கடிக்கு நீ பூசிய மஞ்சள் அந்தத் தோலின் ஒரு காதில் இன்னும் போகாமல் இருந்தது.

"நா கேட்டேம் புள்ள, வளப்புக்குத்தானேன்னு. பதிலு தெரிஞ்சே கேட்டேன்" என்றாய். கறந்த பாலைச் சாக்கடையில் ஊற்றினாய். அன்றோடு உன் வாயில் பாலும் தயிரும் படவில்லை. நான் வேடிக்கையாகக் கொண்டுவந்த சொல்லை, யாரும் தூக்கச் சொல்லாத சுமையாக நீ எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாய்.

அடுத்த ஈற்றிலும் செவலை காளைக்கன்றுதான் போட்டது. பத்தாம் நாள் வந்த தரகரை நீ வாசலிலேயே திருப்பி அனுப்பினாய். உன் புருஷன் தீவனத் தொட்டியை எட்டி உதைத்ததில் அவர் கால் நகம் பெயர்ந்தது. காளைக்குத் தீனி போட்டுச் சும்மா வைத்திருக்க நான் என்ன கோயிலா கட்டியிருக்கிறேன் என்று தெருவே கேட்கக் கத்தினார். நீ கன்றுக்குச் சின்னான் என்று பேர் வைத்தாய். மூன்று வருஷத்தில் அது உன் தலைக்கு மேல் திமில் தூக்கி நின்றது. அப்போதும் சின்னான்தான்.

நாமும் அடித்துக்கொண்டோம். ஓணத்துக்கு முந்தின நாள், கடையில் கால் வைக்க இடமில்லை. நீ உள்ளே வந்து, சோப்பு எடுத்தவர்களிடமெல்லாம் "இதுல மாட்டுக் கொழுப்பு இருக்குதுங்க" என்று ஒவ்வொருவராகச் சொன்னாய். நாலு பேர் வைத்துவிட்டுப் போனார்கள். நான் உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். நீ திருப்பி அறைந்ததில் உன் வளையல் உடைந்து என் உதட்டைக் கிழித்தது. "உன்ற ஒதட்டுல இப்பத்தான் நெசமான செவப்பு" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதைக் கேட்டுக் கடையே சிரித்தது. மூன்று மாதம் நாம் பேசவில்லை.

பிறகு ஒருநாள் பழைய செய்தித்தாளில் சுற்றிய பத்துக் கட்டிகளோடு வந்தாய். தேங்காய் எண்ணெய், காஸ்டிக் சோடா, வேப்பிலைச் சாறு, அவ்வளவுதான். காஸ்டிக் தெறித்து உன் முழங்கை வரை தோல் உரிந்திருந்தது. நான் மன்னிப்பும் கேட்கவில்லை, காயத்தையும் கேட்கவில்லை. ஓரம் சீவி, ஒரே அளவாக வெட்டி, அட்டை போட்டுக் கொண்டுவா என்றேன். கோயம்புத்தூர் பார்லருக்கு முதல் நூறு கட்டி போனது. அதிலிருந்து நாம் கூட்டாளிகள். உனக்குப் பாவம் குறைந்தது, எனக்கு லாபம் வந்தது. இரண்டும் ஒரே பெட்டியில் போனதில் எனக்கு இன்றுவரை கூச்சம் இல்லை.

உன் நாய் விஷயத்தில்தான் உன்னோடு கடைசிவரை எனக்கு ஒத்துப்போகவில்லை. ராகிக் களியும் கொள்ளும் வேகவைத்துப் போட்டாய். அது தின்றது, தின்றுவிட்டுப் பிரியாணிக் கடைக்குப் பின்னால் போய் எலும்புக்கு நின்றது. கடைக்காரன் கொதிதண்ணீரை வீசினான். முதுகில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் கழன்று தொங்க, அது ஊளையிட்டுக்கொண்டே உன் காலடிக்கு ஓடிவந்தது. நாய்க்கு உன் கொள்கை தெரியாது என்றேன். நீ மருந்து தடவிக்கொண்டே யோசித்தாய். மறுநாளிலிருந்து உன் புருஷன் கொல்லைப்பக்கம் கோழிக்கால் போட்டார், நீ அந்தப் பக்கம் திரும்பவில்லை. தோற்றதை நீ ஒப்புக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

சின்னான் விஷயத்தில் தோற்க மாட்டேன் என்றாய். மூக்குக் குத்தச் சொன்னேன். காயடிக்கச் சொன்னேன். மாட்டு டாக்டரே வந்து, மரத்துப்போக ஊசி போட்டுச் செய்கிறேன், இந்த வயசுக் காளையைக் கழுத்துக் கயிற்றில் பிடிக்க முடியாது என்று எடுத்துச் சொன்னார். "வலிக்காத மாதிரி செய்யறதும் செய்யறதுதானுங்களே" என்று அவரை அனுப்பிவிட்டாய். மற்றவர்கள் செய்கிற தப்பையெல்லாம் நிறுத்தியவள், நிறுத்தக் கூடாத ஒன்றையும் சேர்த்து நிறுத்தினாய். இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். இப்போதும் சொல்கிறேன்.

அன்று விடிந்து சோப்புக் கட்டி எடுக்க வந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பசு பருவத்துக்குக் கத்திக்கொண்டிருந்தது. சின்னான் தரையைக் கிளறிக்கொண்டு நின்றான். நீ தண்ணீர் வாளியோடு அவனுக்கும் சிமெண்டுத் தொட்டிக்கும் நடுவில் போனாய். கழுத்துக் கயிறு அறுந்தது. அவன் உன்மேல் பாயவில்லை. அந்தப் பசுவிடம் போகப் பாய்ந்தான், நீ வழியில் இருந்தாய். தொட்டியோடு சேர்த்து நெரித்த சத்தம், காய்ந்த தென்னை மட்டையை மிதிப்பது போல இருந்தது. கொம்பு உன் விலாவுக்குள் போய் வந்தது. மறுபடி போனது.

உன் புருஷன் கடப்பாரையோடு ஓடிவந்தார். அடித்த முதல் அடியில் அவன் இடது கண் வெளியே வந்தது. இரண்டாவதில் ஒரு கொம்பு வேரோடு முறிந்தது. நான் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பு உடையும்வரை அவன் மூக்கில் அடித்தேன். மூக்கில்தான் அடித்தேன், குத்தியிருக்க வேண்டிய இடத்தில். கொல்லவேண்டும் என்றுதான் அடித்தேன். இன்னொரு காம்பு கிடைத்திருந்தால் கொன்றிருப்பேன்.

ஜீப்பில் உன் தலை என் மடியில் இருந்தது. நீ மூச்சு விட்டபோதெல்லாம் விலாவில் ரத்தம் கொப்புளித்தது. என் முந்தானையைச் சுருட்டி அடைத்தேன், நிற்கவில்லை. உன் வாயருகே குனிந்தேன். அவனை மன்னிக்கச் சொல்வாய் என்று பயந்தேன். நீ அதைச் சொல்லவில்லை.

"தண்ணி வெக்கல" என்றாய். "வாளி சாஞ்சிருச்சு. அவனுக்குத் தண்ணி வெக்கல."

ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் நின்றபோது உனக்கு மூச்சு இல்லை. அன்று பொழுது சாய்ந்து திரும்பியதும் நான் போய்த் தண்ணீர் வைத்தேன். உனக்காக வைக்கவில்லை. நீ கடைசியாகச் சொன்ன வேலை அரைகுறையாகக் கிடந்தது, அதனால் வைத்தேன். ஒற்றைக் கண்ணோடு அவன் குடித்தான்.

இன்று காலை போனபோது அவனை இரண்டு தென்னைக்கு நடுவில் இரட்டைக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். தரகரோடு மேற்கே இருந்து வந்த இறைச்சி வியாபாரி நின்றிருந்தார். இந்த முறை வளர்ப்புக்கா என்று யாரும் கேட்கவில்லை. உன் புருஷன் முகம் மழிக்காமல், தாடி வைத்த பிணம்போல உட்கார்ந்திருந்தார்.

"அவளக் கொன்னதுக்கு நா தீனி போட்டு வெக்கோணுமா அம்மிணி?" என்றார்.

"வேண்டாங்ணா. நா வாங்கிக்கறனுங்க."

"எதுக்கு? அவ சொன்னாளா?"

"அவ ஒண்ணுஞ் சொல்லலீங்ணா. இவர் வாங்குனா தோலு ஒரு பக்கம் போவும், கொழுப்பு ஒரு பக்கம் போவும். அந்தக் கொழுப்பு டப்பாவுல ஏறி என்ற கடைக்கே வரும். அவளக் கொன்னத அவ ஊர்க்காரங்களுக்கே நா தேச்சுக் குளிக்கக் குடுக்கோணுமா?"

அவர் எழுந்து போய்க் காளையின் கயிற்று முடிச்சை இறுக்கினார். பிறகு, கறிக்குக் கேட்கிற விலைக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் தரமாட்டேன் என்றார். அது பேராசை இல்லை. உன்னைச் சும்மா கொடுத்ததாக ஆகிவிடக் கூடாது என்று அவருக்கு.

தரகர் துண்டை எடுத்துக் கையை மூடி, இறைச்சி வியாபாரியின் விரல்களைப் பிடித்தார். மாட்டு விலை வாயால் பேசுவதில்லை, துண்டுக்குள் விரலால்தான். என் கையையும் பிடியுங்கள் என்றேன்.

"பொம்பளக் கையத் துண்டுக்குள்ள புடிச்சா என்ற ஊட்டுக்காரிக்கு யாருங்க பதில் சொல்றது?" என்று தரகர் சிரித்தார்.

"நாஞ் சொல்லிக்கறனுங்க. புடிங்க."

பிடித்தார். ஐந்து விரல், அதாவது ஐம்பதாயிரம். நான் நாலை மட்டும் பிடித்தேன். அவர் வியாபாரியிடம் போனார், திரும்பி வந்தார். ஒற்றைக் கண், முறிந்த கொம்பு என்று நான் குறை சொன்னேன். கறிக்குக் கண் எதற்கு என்று அவர் சொன்னார். நான்கு தரம் துண்டு போய் வந்தது. உனக்காக அழுதுகொண்டே விலை குறைத்தேன். இரண்டையும் சேர்த்துச் செய்ய எனக்கு வரும் என்பது உனக்குத் தெரியும். கடைசியில் வியாபாரி கையை உருவிக்கொண்டார்.

பேசி முடித்தது இது. விலை நாற்பத்து மூன்றாயிரம். பத்தாயிரம் இன்றே கொடுத்தாயிற்று, மீதி மாடு வண்டி ஏறும்போது. நாளை டாக்டர் வருகிறார். மரத்துப்போக ஊசி போட்டு மூக்குக் குத்துவார், காயடிப்பார். அதற்கு உன் சம்மதத்தை நான் கேட்கவில்லை. கட்டுவது நான் சோப்புச் சரக்கு அடுக்கும் கொட்டகைக்குப் பின்னால், இரும்புக் கம்பி வேலிக்குள். தீனி, தண்ணீர், மருந்து என்னுடையது. உன் புருஷன் அங்கே வரும்போது கையில் கடப்பாரையோ கம்போ இருக்கக் கூடாது. சாணி முழுக்க அவர் காட்டுக்கு. ஆனால் ஆள் விடக் கூடாது, வாரம் ஒரு நாள் அவரே வந்து, அவன் முகத்தைப் பார்த்து, அள்ளிக்கொண்டு போக வேண்டும். சரி என்றார்.