சாவியை எடுத்துவிட்டுத்தான் இறங்குவாய்

உன் சாவியில் இன்னும் கிரீஸ் வாடை போகவில்லை. பட்டறையில் என் ஸ்பானர் பெட்டியின் மேல்தட்டில் போட்டு வைத்திருக்கிறேன். பெட்டியைத் திறந்தால் முதலில் அதுதான் கண்ணில் படுகிறது. ஆஸ்பத்திரியில் உன் துணிகளோடு கொடுத்ததை உன் அம்மா என்னிடம் நீட்டி, "கம்பெனி வேல பாத்த வண்டிச் சாவிலா இது. அவுககிட்ட குடுத்துருய்யா. நாளைக்கு ஒரு பேச்சு வந்துரப்பிடாது" என்றார். மாதங்கள் போய்விட்டன. போன வாரம் வரை ஒருவரும் அதைக் கேட்டு வரவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறுகிறது. சாவி இல்லாமலே அந்த டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது.

திருச்செந்தூர் சாலை ஓரத்தில் அந்தக் கம்பெனியின் காம்பவுண்டுக்குள் புல் வெட்டும் வேலைக்கு நீ போனபோது, அந்த வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டரிடம் இருந்தது சுழன்று வெட்டும் மிஷின். அது புல்லோடு கல்லையும் அள்ளி வீசும். ஒரு கல் பறந்து, புல் அள்ளிக்கொண்டிருந்த பெண்ணின் முழங்காலில் அடித்தது. வேறு மிஷின் வாங்கினால்தான் ஓட்டுவேன் என்று நீ நின்றாய். டிராக்டரின் பக்கவாட்டில் நீண்டு, முக்கோணக் கத்திகள் இடமும் வலமுமாக ஓடி, புல்லை நின்ற இடத்திலேயே சாய்க்கிற கட்டர் பார்தான் வேண்டும் என்றாய். சலூன்காரர் கையிலிருக்கும் முடிவெட்டும் மிஷின்போலவே இருந்ததால், "ஏலே, காட்டுக்கு கிராப்பு வெட்டப் போறியா?" என்று நான் கேட்டேன். "ஒன் தலைக்கும் அதுதாம்ல சரிப்படும்" என்றாய்.

கான்ட்ராக்டர் பழையதாகத்தான் வாங்கிப் போட்டார். அதிலும் நீ உன் முறையை விடவில்லை. வெட்டப்போகும் இடத்தை முதலில் நடந்து பார்ப்பாய். முளைக்கம்பி, கருங்கல், படுத்திருக்கும் ஆடு, எல்லாம் பார்த்த பிறகுதான் வண்டி இறங்கும். கருவேல மரத்தையும் அதிலேயே வெட்டச் சொல்லி அவர் கத்தியபோது, விரல் மொத்தத்துக்கு மேல் இருந்தால் அரிவாள் கொண்டுவரச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாய். சாலைக்கு வரும்முன் பாரை நிமிர்த்திக் கொக்கி மாட்டுவாய். அதன் நுனியில் மஞ்சள் பெயின்ட் அடித்ததும் நீதான். புல்லுக்குள் அது எங்கே இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றாய்.

எல்லாவற்றையும் விட, சாவி. தண்ணீர் குடிக்க இறங்கினாலும் எஞ்சினை நிறுத்துவாய், சாவியை உருவுவாய், சட்டைப்பையில் போடுவாய், பிறகுதான் கால் தரையில் படும். வண்டியை எவன் களவாண்டு போகப் போகிறான் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். நீ சிரிக்காமல் சொன்னாய்: "வண்டி போனா போகட்டும்ல. நான் கத்திகிட்ட குனிஞ்சிருக்கும்போது எவனும் ஏறி உக்காந்துரப்பிடாது."

அப்புறம் பேட்டரி செத்தது. மாப்பிள்ளையூரணியில் எங்கள் பட்டறைக்குத்தான் வண்டி வந்தது. பேட்டரி மாற்ற வேண்டும், கருவிக்குச் சுழற்சி கொடுக்கும் லீவர் தேய்ந்து, நியூட்ரலில் தள்ளினாலும் தானாக ஓட்டத்துக்கு விழுகிறது, சுழலும் தண்டுக்கு மூடியும் இல்லை என்று நான் கான்ட்ராக்டரிடம் சொன்னேன். "தள்ளுனா ஓடுதுல்லா. பொறகென்ன?" என்றார். இரண்டாவது தடவை சொன்னபோது வண்டியைத் தள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அதிலிருந்து காலையில் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்வார்கள், சாயங்காலம் வரை எஞ்சினை நிறுத்தக்கூடாது. நீங்கள் சோறு தின்னும்போதும் அது பக்கத்தில் உறுமிக்கொண்டே நிற்கும். நிறுத்தினால் தள்ள ஆள் வேண்டும். ஆளைக் கூப்பிட்டால் கான்ட்ராக்டர் கத்துவார்.

பழைய டீசல் எஞ்சின், சாவியை உருவினாலும் நிற்காது, நிறுத்தத் தனிக் கம்பி உண்டு. ஆனாலும் நீ சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்கினாய். ஓடுகிற வண்டியின் சாவி எதற்கு என்று புல் அள்ளும் பெண்கள் சிரிப்பார்களாம். கை பழகிவிட்டது என்று சொல்வாயாம்.

நம் கடற்கரையில் கிழிந்த நைலான் வலையை யாரும் சுமந்துபோய்க் கொட்டுவதில்லை. மணலிலேயே போட்டுவிடுவோம். காற்று அதை உருட்டிக்கொண்டு வந்து வேலியில் மாட்டும். அதன் மேல் புல் வளர்ந்துவிட்டால் நடந்து பார்த்தாலும் தெரியாது. அன்று யாரோ பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று அவசரப்படுத்தினார்கள். கத்தியில் வலை சிக்கியது. நீ லீவரை நியூட்ரலில் தள்ளினாய், சாவியை எடுத்தாய், இறங்கினாய். வலையின் ஒரு முனை தண்டில் கிடந்தது, மறுமுனையை நீ கையில் சுற்றி இழுத்தாய். லீவர் விழுந்தது, தண்டு சுழன்றது. பார்த்த பெண்கள் இதைத்தான் சொன்னார்கள். இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

உன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கான்ட்ராக்டர் சொன்னார்: "தங்கமான பயதான். என்ன செய்ய, கொஞ்சம் கவனக்கொறச்சல்." போலீஸும் அதையே எழுதிக்கொண்டது. பேப்பரிலும் அதுவே வந்தது. அந்தப் பெண்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுநாள் அவர்களுக்கு வேலை இருந்திருக்காது. உன் அம்மாவும் இப்போது யாரிடமாவது பேசும்போது, "எம்புள்ள கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்கிறார். உன்னை எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

போன வாரம் சாத்தான்குளத்துச் சித்தி வந்தாள். மாடுகளுக்குத் தீவனச் சோளமும் வேலிமசாலும் போட்டிருக்கிறாள், அறுக்க ஆள் கிடைக்கவில்லை. பழைய கட்டர் பார் ஒன்று விலைக்கு வருகிறதாம், வந்து பார்த்துச் சொல் என்றாள். உப்பளங்களைத் தாண்டி வண்டி வளைந்தபோதுதான் யாருடைய ஷெட்டுக்குப் போகிறோம் என்று புரிந்தது.

உன் மிஷின்தான். சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நுனியில் நகத்தால் சுரண்டினேன், மஞ்சள் வந்தது. அதே டிராக்டரில் மாட்டி ஓடவிட்டிருந்தார்கள். சாவித் துளை காலியாக இருந்தது. சீட்டில் புது டிரைவர், ஓட்டப்பிடாரத்துக்காரர், என் அப்பா வயது. கான்ட்ராக்டர் என்னைப் பார்த்து ஒரு நிமிஷம் முழித்தார், பிறகு சித்தியிடம் பேசத் தொடங்கினார்.

சித்தி ஏமாறுகிற ஆள் இல்லை. தன்னிடம் இருப்பது சின்ன டிராக்டர், இத்தனை நீளப் பாரைத் தூக்கினால் ஒரு பக்கம் சாய்க்காதா என்றாள். கல்லில் மோதினால் பார் பின்னால் மடங்குமா என்றாள். தண்டுக்கு ஏன் மூடி இல்லை என்றாள். மூடி இருந்தால் கிரீஸ் அடிக்க முடியாது என்றார் அவர், கூசாமல்.

"சரி அண்ணாச்சி. எஞ்சின அணைச்சிட்டு, திரும்ப ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க."

"ஓடுதத எதுக்கும்மா அணைக்கணும்? சத்தத்தப் பாருங்க, எப்படி இருக்கு."

இன்னும் பேட்டரி மாற்றவில்லை. நீ செத்த பிறகும் மாற்றவில்லை. நான் ஏறி, எஞ்சினை நிறுத்தும் கம்பியைப் பிடித்து இழுத்தேன். ஷெட்டில் அப்படியொரு அமைதி. தூரத்தில் துறைமுகத்து லாரிகளின் இரைச்சல்கூடக் கேட்டது.

கான்ட்ராக்டர் கெட்ட வார்த்தையில் என்னைத் திட்டிவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார். நான் சித்தியிடம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இந்த மிஷினில் நடந்ததைச் சொன்னேன். லீவரை, வலையை, ஆஸ்பத்திரியில் உன் பையிலிருந்து வந்த சாவியை. தள்ள வந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். சித்தி திரும்பிச் சாலைக்கு நடந்தாள். அந்த டிரைவர் மெதுவாக இறங்கினார். "சாவி போட்டு செல்ஃபு எடுத்தாத்தான் இனி ஏறுவேன் அண்ணாச்சி."

"ஒன்ன விட்டா ஆளில்லையால?"

"இருப்பான். அவங்கிட்டயும் சொல்லுவேன்."

இரண்டு நாள் வண்டி அப்படியே நின்றது. மூன்றாம் நாள் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தார்கள். பேட்டரி, லீவர், தண்டுக்கு மூடி, மூன்றையும் நான்தான் மாட்டினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது. இவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் நீ. நட்டை முறுக்கும்போது கண்ணீர் கண்ணை மறைத்ததில் இரண்டு தரம் ஸ்பானர் நழுவியது.

செல்ஃப் போட சாவி வேண்டும். முதல் தடவையாக ஒருவர் கேட்டார், அந்த டிரைவர்தான். "அந்தத் தம்பி சாவி ஒங்கிட்ட இருக்குன்னியே."

கடையில் வேறு சாவி வாங்கிக் கொடுத்தேன். அவர் ஸ்டார்ட் செய்தார், நிறுத்தினார், திரும்ப ஸ்டார்ட் செய்தார். பிறகு நிறுத்திவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நாளைக்கு உன் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். அந்தப் பெண்களில் இருவர் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சாவியை எடுத்துவிட்டுத்தான் நீ இறங்கினாய் என்று பார்த்தவர்களே சொல்லட்டும். உன் சாவியை நான் கொடுக்கவில்லை. கான்ட்ராக்டர் அதைக் கேட்கட்டும். எங்கிருந்து கிடைத்தது என்பதை நாலு பேர் முன்னால் சொல்லித்தான் அவர் கையில் வைப்பேன். அவர் இன்னும் கேட்கவில்லை.