இருட்டில் எடுத்த அளவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீ வேலை வேலை என்று பட்டினி கிடக்காமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். வாராவாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவர் திடீரென்று கடிதம் எழுதுகிறாரே என்று பதறாதே. போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், நான் ஏதாவது ஜோக் அடித்து மழுப்பிவிடுவேன். இதை மழுப்பாமல் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுவும் அங்கே கிடைத்திருக்கிற அந்த நிரந்தர வேலைக்கு நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால். உன் அத்தைக்கு முழங்கால் தேவலை, மாடிப்படி ஏறுகிறாள், ஏறி முடித்ததும் எனக்குப் போன் போட்டுப் பெருமையடித்துக்கொள்கிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது. பக்கத்து வீட்டு நாய் இப்போதெல்லாம் என்னைப் பார்த்துக் குரைப்பதில்லை, அதற்கும் என்மேல் பரிதாபம் வந்துவிட்டது போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் ஆராய்ச்சி செய்கிற பெண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், எல்லாரும் அவசரம் என்று கூப்பிடுவோமே, அவள்தான். அவள் ஒரு தூள் செய்திருக்கிறாள், இரும்பு சேர்ந்த மூலக்கூறுகள். கடுங்குளிரில் இருட்டில் வைத்தால் அது காந்தத்தைச் சட்டையே செய்யாது. கொஞ்ச நேரம் ஒளி காட்டினால் உள்ளே எலெக்ட்ரான்கள் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும், பிறகு காந்தம் கூப்பிட்ட பக்கம் போகும். வேடிக்கை என்னவென்றால், ஒளியை அணைத்த பிறகும் அப்படியேதான் இருக்கும், கொஞ்சம் சூடேற்றினால்தான் பழையபடி ஆகும். அதனால் முதலில் இருட்டில் ஓர் அளவு, பிறகு ஒளி காட்டி ஓர் அளவு என்று எடுப்போம். இருட்டில் எடுத்தது தவறாகிவிட்டால் அதற்குப் பிறகு எடுப்பது எதற்கும் அர்த்தமில்லை. இவள் வெள்ளிக்கிழமையே தூளைக் குளிரவைத்துவிட்டுப் போவாள், திங்கட்கிழமை வந்து அளந்தால் ஒளியே காட்டாமல் லேசாகக் காந்தக்குணம் தெரியும். தூளில்தான் அழுக்கு என்று நான் அடித்துச் சொன்னேன், கழுவாத குடுவையில் செய்தாயா என்று கடிந்துகொண்டேன். பாவம், முதலிலிருந்து திரும்பத் திரும்பச் செய்தாள். கைகழுவும் தொட்டியருகே நின்று ஒருநாள் அழுததைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நாம் பேசிக்கொண்டிருந்தபோது கதவு திறக்கிற சத்தம் கேட்டதே, நண்பர்கள் சீட்டாட வந்துவிட்டார்கள் என்று சட்டென்று போனை வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? சீட்டாட யாரும் வரவில்லை. எப்போதுமே வந்ததில்லை. வந்தது அவசரம், மறந்து வைத்துவிட்டுப் போன குடையை எடுக்க. நான் உட்கார்ந்திருந்தது ஆய்வுக்கூடத்தின் இருட்டறை. பின்னால் இருக்கிற கருவிகள் உன் கண்ணில் பட்டால் கண்டுபிடித்துவிடுவாயே என்று, என் பக்கத்திலேயே இருந்த, தூளைக் குளிரவைக்கிற குளிர்கலத்தின் கண்ணாடி ஜன்னலை மூடியிருந்த கறுப்புத் துணியை எடுத்து முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான், பேசி முடித்ததும் பழையபடி மூடிவிடுவேன். ஹால் பல்பு போய்விட்டது, அதுதான் இருட்டாகத் தெரிகிறது என்று உன்னிடம் கதை விட்டதும் அதற்குத்தான். துணி போனால் என்ன, ஜன்னலுக்கு உலோக மூடி இருக்கிறதே என்று நினைத்தேன். துணி இருக்கிறதே என்று அவள் மூடியைக் கழற்றி வைத்திருந்தாள். ஞாயிறுதோறும் நாம் பேசிய நேரமெல்லாம் போன் வெளிச்சம் அந்தத் தூளின்மேல் விழுந்திருக்கிறது.

அவள் துணியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். மெதுவாக, "உங்க வீட்ல லைட் இல்லையா சார்?" என்று கேட்டாள். மறுநாள் தூளைச் சூடேற்றிப் பழையதை மறக்கவைத்து, மூடியும் போட்டுத் துணியும் போட்டு, மறுபடி குளிரவைத்து இருட்டில் அளந்தோம். துளிக்கூடக் காந்தக்குணம் இல்லை. அவள் தூள் முதலிலிருந்தே சுத்தம். அவள் குதித்தாள், நான் மன்னிப்புக் கேட்டேன், அவள் அதைக் காதில்கூட வாங்கவில்லை. எனக்கு உன் நினைப்புதான் வந்தது.

"நாலு பேரோட நீங்க சந்தோஷமா இருக்கறதப் பாத்துதான்ப்பா எனக்குத் தைரியமே வந்துச்சு" என்று சொன்னாயே, அந்தத் தைரியத்தில்தானே கையெழுத்துப் போடப் போகிறாய். என்னைப் பற்றி நீ எடுத்த அளவிலும் நான் இப்படித்தான் வெளிச்சம் விட்டிருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன். அம்மா போன பிறகு ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. ஒரு தும்மல் போட்டால் அது எல்லா அறைக்கும் போய்விட்டுத் திரும்பி வருகிறது. ஆய்வுக்கூடத்தில் பம்ப் ஓடுகிற சத்தமாவது இருக்கிறது, அதற்காகத்தான் போகிறேன். தனியாக இருக்கிறேன் கண்ணு, ரொம்பத் தனியாக. வந்துவிடு என்று கேட்க இதை எழுதவில்லை, நீ ஆசைப்பட்ட வேலை அது, உன்னை விடத் தகுதியானவர் அதற்கு யாரும் இல்லை. வராதே என்றும் எழுத மாட்டேன், எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். தெரிந்துகொண்டு முடிவு செய், எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

கையுறை வாங்கிக்கொண்டாயா? காய்ச்சல் வந்தால் நீயே வைத்தியம் பார்த்துக்கொள்ளாதே. எங்கே இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து வாழ அம்மாவுக்கும் சேர்த்து நான் ஆசீர்வதிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடு, வீட்டு ஹாலிலிருந்தே பேசுகிறேன். பல்பு நன்றாகத்தான் எரிகிறது. எனக்குப் பின்னால் அம்மா உட்காருகிற நாற்காலி தெரியும், அதன்மேல் துணி எதுவும் போட மாட்டேன். அதையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

அன்புடன்,
உன் அப்பா