"வந்துட்டாங்க சார்"

சாத்தூர்
12.5.2025

நிர்மலா,

சுகமா என்று கேட்க மாட்டேன். போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் தபால். இதையாவது படிக்காமல் கிழித்துப் போடாதே.

கம்பெனி டூர், மூணாறு என்று ஆசை காட்டினார்கள். சின்னாறு காட்டில் அருவி தெரிகிற வளைவில் பஸ் நின்றது. "ஒதுங்கிட்டு வாரேன், பஸ்ஸை எடுக்க விடாத" என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தானே பாறைக்குப் பின்னால் போனேன்? திரும்பி வந்தால் பஸ்ஸைக் காணோம். போன், பை எல்லாம் சீட்டில். அனல் அடிக்கிற மத்தியானம். எங்கே பார்த்தாலும் முள்ளும் கள்ளியும் பாறையும்தான். கீழே ஆற்றில் யானைக் கூட்டம் குட்டியோடு நின்றது. பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்திருந்தால் கைதட்டியிருப்பேன். அங்கே வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பூண்டு ஏற்றி வந்த டெம்போக்காரர் பாவம் பார்த்துத் திருப்பூரில் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார். வாசலில் என் வீட்டுக்காரர் ராபின். அதற்குள் சூப்பர்வைசர் திருமூர்த்தி அவருக்குப் போன் போட்டு, "பஸ்ஸுல இருந்தாங்க, மறையூர்ல எறங்கி எங்கியோ போயிட்டாங்க" என்று சொல்லியாச்சு.

"அருவிகிட்ட விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நீ சொல்லுத. நீ மறையூர் வரைக்கும் வந்தேன்னு நிர்மலா சொல்லுதா. யாரு அந்த டெம்போக்காரன்?" என்றார் ராபின். மறுநாளே அம்மா வீட்டில் கொண்டுவந்து தள்ளிவிட்டார்.

ஏறாத என்னை ஏறிவிட்டதாக ஏன்டி சொன்னாய்?

அனுசுயா

திருப்பூர்
19.5.2025

அன்புள்ள அனுசுயா அக்காவுக்கு,

எங்கள் ஊட்டில் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை எந்த முகத்தோடு கேட்பதுங்க?

காலையில் கம்பெனிக்கு நீங்கள் லேட்டானால், "வந்துட்டாங்க சார், பாத்ரூம் போயிருக்காங்க" என்று நான்தானே சொல்வேன். எனக்கு நீங்கள் சொல்வீர்கள். அன்றைக்குப் பஸ்ஸில் திருமூர்த்தி சார் உங்கள் பேரைக் கூப்பிட்டபோதும் பழக்கத்தில் "வந்துட்டாங்க சார்" என்று வாயில் வந்துவிட்டது. நீங்கள் பின்வாசலில் ஏறியிருப்பீர்கள் என்று தூங்கிப்போனேன்.

மறையூரில் சாப்பிட இறங்கினபோது உங்களைக் காணோம் என்று சார் என்னைப் பிடித்துக் கேட்டார். பொய் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில், "இங்க வரைக்கும் வந்தாங்க சார்" என்று மறுபடியும் சொல்லிவிட்டேன். பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் திறக்கப் போகுதுங்க.

கொஞ்சம் பொறுங்கக்கா. அண்ணன் கோபம் தணிந்தால் தானாக வருவார். நீங்களும் அத்தனை தூரம் போயிருக்க வேண்டாமுங்க.

உங்கள் தங்கை
நிர்மலா

சாத்தூர்
24.5.2025

நிர்மலா,

தூரம் போயிருக்க வேண்டாமா? பஸ் நிறைய ஆம்பளைகள் பார்க்க ரோட்டோரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டுமா? எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா?

முதல் தடவை பழக்கம், சரி. இரண்டாவது தடவை தெரிந்தேதான் சொன்னாய். நான் வெயிலில் நிற்பது தெரிந்தும் பஸ்ஸைத் திருப்பச் சொல்லாமல் உட்கார்ந்து சோறு தின்றாய்.

உன் வேலை போனால் வேறு கம்பெனி வாசலில் போய் நிற்கலாம். என் பேர் கெட்டதே, அதை எந்த வாசலில் போய்க் கேட்பேன்? டீ டைமில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல். ராபினிடமும் சொல். அதுவரை எனக்குத் தங்கை கிங்கை யாரும் இல்லை.

அனுசுயா

திருப்பூர்
3.6.2025

அக்கா,

சொல்லிவிட்டேன். நம் தையல் லைனில் எல்லோரும் கேட்டார்கள். சார் அப்போதே என் கார்டை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார். அண்ணனிடமும் நேரில் போய்ச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கூட்டிவர வருகிறாருங்க. நல்லபடியாக வந்து சேருங்கள்.

நிர்மலா

சாத்தூர்
9.6.2025

நிர்மலா,

உன் வேலை போனதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றுமில்லை. ஆனால் கோபமும் ஆறவில்லை. பொய்யாக எழுத எனக்கு வராது.

ராபின் நேற்று வந்தார். மல்லிகைப்பூ, அல்வா எல்லாம் வாங்கி வந்திருந்தார். "அதான் நிர்மலாவே சொல்லிட்டாள்ல, கிளம்பு" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ பொய் சொன்னபோதும் உன்னை நம்பினார். நீ உண்மை சொன்னபோதும் உன்னைத்தான் நம்பினார். கட்டின பெண்டாட்டி காலைப் பிடித்துக் கதறியது மட்டும் அந்த மனுசன் காதில் ஏறவே இல்லை.

திருப்பூருக்கு வேலைக்கு வருவேன். ராபின் வீட்டுக்குப் போகமாட்டேன். நேற்று அவரைத் தனியாகத்தான் பஸ் ஏற்றி அனுப்பினேன்.

அனுசுயா