பேனரில் பெயர் இருந்த குற்றத்திற்கு

அனுப்புநர்:
பெ. சுருளியாண்டி (வயது 68),
திராட்சை விவசாயி, வடக்குத் தெரு,
காமயகவுண்டன்பட்டி,
உத்தமபாளையம் வட்டம், தேனி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
தேனி.

பொருள்: கிரிக்கெட் ஆட்டத்தைப் பொதுவில் திரையிட்ட வழக்கிலிருந்து என் மருமகன் பெயரை நீக்கி, என் பெயரைச் சேர்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த 24.09.2007 மாலை, இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைத் தெருவினர் பார்ப்பதற்காக, என் திராட்சைக் கொட்டகையில் வாடகைப் புரொஜெக்டர் வைத்துத் திரை கட்டியவன் நான். கட்டணம் வாங்கவில்லை. உட்காரப் பாயைக்கூட அவரவரே கொண்டுவந்தார்கள்.

2. பேனர் அடித்ததும் நானே. எங்கள் பக்கம் காதுகுத்து என்றாலும் "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று போட்டு, வேண்டியவர்கள் அத்தனை பேர் பெயரையும் அச்சடிப்போம். யாரையும் கேட்டுப் போடுவதில்லை, விட்டால்தான் மனத்தாங்கல். அதன்படி, மாப்பிள்ளைக்குரிய மரியாதையாக என் மகளின் கணவர் பாண்டீஸ்வரன் பெயரை முதலிலும், அடுத்து ஒளிபரப்பும் நிறுவனத்தின் பெயரையும் கோப்பைச் சின்னத்தையும் போடச் சொன்னேன். அச்சகக்காரர் பிச்சைமணி, "கம்பெனி பேரு எதுக்குண்ணே? அவுக என்ன நமக்குச் சம்பந்தியா?" என்று கேட்டார். "ஆட்டத்தைக் காட்டுறதே அவுகதான்யா. அவுகள விட்டுட்டா நல்லாவா இருக்கும்?" என்றேன். கடைசியில் இடம் போதாததால் என் பெயரை விட்டுவிட்டேன்.

3. கடைசி ஓவர் தொடங்கும்போது, நிறுவனத்தின் முகவர் என்ற ஒருவர் உதவி ஆய்வாளர் ஒருவருடன் வந்தார். அனுமதியின்றித் திரையிட்டதாகவும், நிறுவனமே நடத்துவதுபோல் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தியதாகவும் கூறிப் புரொஜெக்டரையும் பேனரையும் எடுத்துச் சென்றார்கள். பேனரில் முதலில் இருந்த பெயரே நடத்தியவர் பெயர் என்று பாண்டீஸ்வரன் மீது வழக்குப் பதிந்தார்கள். அன்று அவர் லாரியில் கொச்சிக்குத் திராட்சை ஏற்றிப் போயிருந்தார். சோதனைச் சாவடிச் சீட்டை இணைத்துள்ளேன். பேனர் அடித்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

4. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். கம்பம் நூலகத்தில் நான்கு நாள் அமர்ந்து வணிகச் சின்னங்கள் சட்டத்தைப் படித்தேன். 115ஆம் பிரிவின்படி, துணைக் கண்காணிப்பாளருக்குக் குறையாத அதிகாரிதான், அதுவும் பதிவாளரின் கருத்தைப் பெற்ற பிறகே, பிடியாணை இல்லாமல் பொருளைக் கைப்பற்றலாம். இதை நிலையத்தில் சொன்னபோது, "பெருசு, சட்டம் படிச்சுட்டு வந்திருக்கீகளோ?" என்று சிரித்தார்கள். படித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன்.

5. பாண்டீஸ்வரனுக்கு அரசுப் பேருந்து ஓட்டுநர் பணி ஆணை வந்துள்ளது. 22.10.2007க்குள் நன்னடத்தைச் சான்று கொடுக்க வேண்டும். வழக்கு இருப்பதால் சான்று தர மறுக்கிறார்கள். இந்த ஆண்டோடு அவருக்கு வயது வரம்பு முடிகிறது. மருமகன் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. என் மகள் சோறு வைக்கிறாள்; முகம் பார்த்துப் பேசுவதில்லை.

6. குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று முறை நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். பேனரில் என் பெயர் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். என் கொட்டகை, என் திரை, என் புத்தி. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் ஐயா?

நான் சலுகை கேட்கவில்லை. நடந்தது குற்றமா என்பதை நீதிமன்றத்தில் நானே நின்று பேசிக்கொள்கிறேன். இந்த மனுவையே என் வாக்குமூலமாக ஏற்று, பாண்டீஸ்வரன் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரை எழுத ஆணையிடுங்கள். இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது. மாற்று வேட்டியுடன் தங்கள் அலுவலக வாசலில் இருக்கிறேன். கூப்பிட்டால் உடனே வந்துவிடுவேன்.

இடம்: தேனி
நாள்: 11.10.2007

இப்படிக்கு,
பெ. சுருளியாண்டி
(குற்றம் சாட்டப்பட வேண்டியவர்)